யாருக்கு டாட்டா காட்டும் பிள்ளை?

(தலைப்பு: ‘கொரோனா காலத்துக் குழந்தைகளின் பேச்சு தாமதப்பட்டதற்குப் பெரிதும் காரணம் பூட்டிய வீதியா? திறந்த செல்போனா?’ – ‘பூட்டிய வீதியே’ என்ற அணியில் மூன்றாவதாகப் பேசியவர், விருதுநகர் மாவட்டத்து அங்கன்வாடி ஆசிரியை ஒருவர்.)

    

நான் பெரிய பேச்சாளர் இல்லைங்க அய்யா. திருத்தங்கல் பக்கத்துல ஒரு ஊர்ல பால்வாடி டீச்சர். இருபத்தாறு வருஷமா ரெண்டு வயசு, மூணு வயசுப் பிள்ளைங்ககிட்டதான் பேசிக்கிட்டிருக்கேன். அதனால நான் பேசும்போது யாராவது அழுதாலும் சரி, எழுந்து ஓடினாலும் சரி, எனக்கு அது பழக்கம்தான். (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசின எதிரணித் தம்பி அருமையாகப் பேசினார். “குழந்தை கையில் செல்போனைக் கொடுத்த தாய்தான் குற்றவாளி” என்றார். நல்லா இருந்துச்சு. ஆனா அவர் பேசி முடிக்கிறதுக்குள்ளே அவர் சட்டைப் பையிலிருந்த செல்லை மூணு தடவை எடுத்துப் பார்த்தார். (சிரிப்பு, கைதட்டல்) நாற்பது வயசுத் தம்பிக்கே அதைக் கீழே வைக்க முடியலை. நாலு மாசப் பிள்ளை என்ன செய்யும் அய்யா?

நான் என் வீட்டுக் கதையையே சொல்றேன். என் பேரன் 2019 கார்த்திகையிலே பிறந்தான். 2020 மார்ச் 25-ஆம் தேதி நாடே அடங்கினப்போ அவனுக்கு நாலு மாசம். குப்புற விழுந்து, தலையைத் தூக்கி, ‘இந்த உலகத்துல யாரெல்லாம் இருக்காங்க’ன்னு பார்க்க ஆரம்பிச்ச நேரம். அவன் தலையைத் தூக்கினான். உலகம் கதவைச் சாத்திடுச்சு.

அவனுக்கு ஏழு வருஷம் மூத்தவ என் பேத்தி. அவ எப்படிப் பேசக் கத்துக்கிட்டா தெரியுங்களா? நான் சொல்லிக் கொடுத்தில்லை. அவ அம்மாவும் சொல்லிக் கொடுக்கலை. தெரு சொல்லிக் கொடுத்தது! காலையிலே பால்காரர் வருவார், “என்ன தாயி, முழிச்சாச்சா?” அடுத்து கீரைக்காரம்மா, “ஏ கழுதை, உங்க அம்மாச்சி எங்கே?” எதிர்த்த வீட்டு மதினி தண்ணிக் குடத்தோட போகும்போது, “எங்க வீட்டுக்கு வர்றியா?” பட்டாசு ஆபீஸ் வண்டிக்குக் காத்திருக்கிற பெண்கள் ஆளுக்கு ஒரு தடவை கன்னத்தைக் கிள்ளி, ஆளுக்கு ஒரு கேள்வி. ஒரு நாளைக்கு இருபது வாய், இருபது குரல். பிள்ளை ஒரு “ங்ங்ங்” சொன்னா போதும், “ஆமாமா, அப்படியா சொன்னான் உங்க தாத்தா?” என்று அதுக்கு ஒரு அர்த்தம் கற்பிச்சுப் பதில் சொல்லத் தெருவுலே ஆள் இருந்தது.

பேச்சுங்கிறது பந்து விளையாட்டு மாதிரி அய்யா. பிள்ளை ஒரு சத்தத்தைத் தூக்கிப் போடும். பெரியவங்க பிடிச்சுத் திருப்பிப் போடணும். அது திரும்பப் போடும். இப்படி ஆயிரம் தடவை போட்டுப் பிடிச்சாத்தான் ஒரு நாள் அந்தச் சத்தம் ‘அம்மா’ன்னு விழும். ஊரடங்குல பந்தைப் பிடிக்க ஆள் இல்லாமப் போச்சு. இதுதான் எங்க அணியின் வாதம். (கைதட்டல்)

“வீட்டுக்குள்ளே அப்பா அம்மா ரெண்டு பேரும் இருந்தாங்களே, முன்னை விடக் கூடுதலாத்தானே பேசியிருக்கணும்?” என்று எதிரணியிலே கேட்டாங்க. நியாயமான கேள்வி. இதுக்கு நான் எங்க ஊரை வச்சுத்தான் பதில் சொல்லணும்.

எங்க பக்கம் சம்பளம் வாரச் சம்பளம். சனிக்கிழமை கையிலே விழுந்தாத்தான் ஞாயித்துக்கிழமை கறி. ஆபீஸ் பூட்டிடுச்சு. என் மகள் பட்டாசு ஆபீஸ்ல பேக்கிங் வேலை. மருமகன் அச்சாபீஸ்ல. ரெண்டு பேரும் வீட்டிலே. குழுக் கடன் ஒரு பக்கம், அரிசி ஒரு பக்கம். கூரையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. வீட்டிலே ஆள் இருந்தது அய்யா, பேச்சு இல்லை. கவலையிலே இருக்கிறவனுக்குக் கொஞ்சத் தோணுமா?

அடுத்து நடந்ததுதான் முக்கியம். 2020 மே மாசத்திலேயே பட்டாசு ஆபீஸ்கள் பாதி ஆட்களை வச்சுத் திறந்தாச்சு. திறந்துதான் ஆகணும், வயிறு இருக்கே! ஆனா என் பால்வாடி? 2020 மார்ச்சிலே பூட்டின கதவு, மதியச் சாப்பாட்டுக்கென்று ஒரு மணி நேரம் திறக்கிறதுக்கே 2021 செப்டம்பர் ஆச்சு. நர்சரிப் பள்ளிகள் திறந்தது 2022 பிப்ரவரியிலே. தாய்க்கு வேலை திறந்தாச்சு, பிள்ளைக்குக் கதவு திறக்கலை. நடுவுல இருந்த ஒண்ணே கால் வருஷம் அந்தப் பிள்ளை யார்கிட்டே இருந்துச்சு? கண்ணு தெரியாத பாட்டிகிட்டே இருந்துச்சு. பாட்டியாலே முடியாதப்போ செல்போன்கிட்டே இருந்துச்சு.

நடுவர்: அப்போ செல்போனுக்குத் தண்டனையே கிடையாதுங்களா?

உண்டுங்க அய்யா! ஆனா அது கொலைக்குற்றம் இல்லை. ஆள் இல்லாத வீட்டுக்குள்ளே புகுந்த குற்றம். (சிரிப்பு, பலத்த கைதட்டல்)

என் பேரனுக்குப் பதினெட்டு மாசத்துல விளம்பரத்தைத் தள்ளிவிட்டுட்டு அடுத்த பாட்டைப் போடத் தெரியும். ‘தண்ணி’ன்னு கேட்கத் தெரியாது. தாகம் எடுத்தா என் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போய்க் குடத்துக்கிட்டே நிறுத்துவான். ‘தண்ணின்னு சொல்லு கண்ணு’ன்னா, என் வாயைப் பார்க்க மாட்டான், குடத்தைப் பார்ப்பான்.

எதிரணிக்கு நானே ஒரு ஆதாரம் எடுத்துக் கொடுக்கிறேன். அமெரிக்காவிலே வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலே பாட்ரிசியா கூல் என்ற அம்மாவும் அவங்க கூட்டத்தாரும் 2003-ல் ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டாங்க. ஒன்பது மாசக் குழந்தைகள். ஆங்கிலம் பேசுற வீட்டுப் பிள்ளைங்க. ஒரு பகுதிப் பிள்ளைங்களுக்குச் சீன மொழி பேசுறவங்க நேரில் வந்து, தரையில உட்கார்ந்து, பொம்மை காட்டிப் பேசினாங்க. இன்னொரு பகுதிப் பிள்ளைங்களுக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனா டிவியிலே. பன்னிரண்டு தடவை. நேரில் கேட்ட பிள்ளைங்க சீன மொழியின் ஒலி வித்தியாசத்தைப் பிடிச்சுக்கிட்டாங்க. டிவியிலே பார்த்த பிள்ளைங்க? ஒண்ணும் ஒட்டலை.

“பார்த்தீங்களா, திரைதான் கெடுக்குது” என்று எதிரணி கைதட்டும். கொஞ்சம் பொறுங்க! அந்த ஆராய்ச்சி திரை விஷம் என்று சொல்லலை. ஒலியின் வித்தியாசத்தைப் பிடிக்கத் திரை உதவலை, நேரில் வந்த ஆள்தான் உதவினார் என்று சொல்லுது. இலையிலே சோறு இல்லாம வெறும் இலை கிடந்தா, இலையைத் திட்டுவீங்களா, சோறு எங்கேன்னு கேட்பீங்களா? நாங்க சோறு எங்கேன்னு கேட்கிற அணி. (கைதட்டல்)

இன்னொரு ஆதாரம் அயர்லாந்திலே. அங்கே ஊரடங்கு தொடங்கின மார்ச் முதல் மே வரைக்கும் பிறந்த 309 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து, 2022-ல் வெளியிட்டாங்க. ஒரு வயசு ஆனப்போ, அர்த்தத்தோட ஒரு வார்த்தையாவது சொன்ன பிள்ளைங்க நூத்துக்கு 77. தொற்றுக்கு முன்னால் பிறந்த பிள்ளைங்களிலே அது 89. விரலை நீட்டிக் காட்டின பிள்ளைங்க 84, முன்னே 93. கையாட்டி டாட்டா காட்டின பிள்ளைங்க 88, முன்னே 94. ஆனா தவழ்றது மட்டும் கூடியிருந்தது! ஏன்? வீட்டுத் தரையிலேயே கிடந்ததாலே தவழ்ந்துச்சு. டாட்டா ஏன் குறைஞ்சது? யாராவது வந்தாத்தானே போவாங்க! போனாத்தானே டாட்டா! வீட்டுக்கே யாரும் வராத காலத்திலே, அந்தப் பிள்ளை யாருக்கய்யா டாட்டா காட்டும்? (அரங்கம் அமைதி, பிறகு கைதட்டல்)

அயர்லாந்து எங்கேயோ இருக்கட்டும். எங்க மாவட்டத்துக்கே வர்றேன். ஸ்ரீவில்லிபுத்தூர் எங்க ஊர்லேருந்து பஸ்ஸிலே போற தூரம். அங்கே இருந்த பெரியாழ்வார் கண்ணனைக் குழந்தையாக்கிப் பாடினார். அவரை முன்னோடியாக வச்சுத்தான் பிள்ளைத்தமிழ் என்ற ஒரு இலக்கியமே வளர்ந்தது. அதிலே பத்துப் பருவம். செங்கீரையிலே பிள்ளை தலையைத் தூக்கி ஆடும். தாலிலே தாலாட்டு. சப்பாணியிலே கைகொட்டும். முத்தம் கேட்பாங்க. ‘வா, வா’ன்னு கூப்பிடுவாங்க. அம்புலிப் பருவத்திலே நிலாவை விளையாடக் கூப்பிடுவாங்க. அய்யா, நிலாவை நோக்கிக் கை நீட்டுறது இருக்கே, அதுதான் அயர்லாந்து டாக்டர்கள் கணக்கெடுத்த அந்த விரல் நீட்டுறது! கைகொட்டுறது, விரல் நீட்டுறது, கூப்பிட்டா வர்றது. இதெல்லாம் பேச்சுக்கு முன்னாலே வர்ற பேச்சு. நம்ம கிழவிகளுக்கு இது ஆராய்ச்சி படிக்காமலே தெரிஞ்சிருக்கு. இந்தப் பத்துப் பருவத்திலே ஒண்ணாவது பிள்ளை தனியா இருந்து செய்யக்கூடியதா? ஒண்ணுகூடக் கிடையாது. எல்லாத்துக்கும் எதிரே ஒரு ஆள் வேணும். (பலத்த கைதட்டல்)

முகக்கவசத்தைப் பற்றியும் சொல்லணும். நோயைத் தடுக்க அது வேணும், நான் குறை சொல்லலை. வீட்டுக்குள்ளே யாரும் போடவும் இல்லை. ஆனா பால்வாடி திறந்தப்போ நான் போட்டிருந்தேன். பேச்சு பழகுற பிள்ளை வாயைப் பார்க்கும் அய்யா. நான் மூடின வாயோட ‘பழம்’ன்னா, அதுக்கு நாக்கு எங்கே மடங்குதுன்னு எப்படித் தெரியும்? பெரியவங்களே ‘வாளைப்பளம்’ன்னு சொல்ற ஊரு இது! (சிரிப்பு)

இப்போ ஒரு உண்மையை ஒத்துக்கிறேன். ஊரடங்கிலே நாங்க சும்மா இருக்கலை. வீடு வீடாகப் போய்ச் சத்துமாவு கொடுத்தோம், முட்டை கொடுத்தோம், காய்ச்சல் இருக்கான்னு கேட்டோம். எல்லாம் வாசல்லே நின்னு. பையை நீட்டுறது, கையெழுத்து வாங்குறது, அடுத்த வீடு. கதவிடுக்கிலே நின்னு என்னையே பார்த்துக்கிட்டிருந்த பிள்ளைகிட்டே தள்ளி நின்னாவது ‘என்ன சாப்பிட்டே ராசா?’ன்னு கேட்டிருக்கலாம். நான் கேட்கலை. தாய் சேய் அட்டையிலே எந்த மாசத்துல பிள்ளை என்ன செய்யணும்னு படம் போட்டே இருக்கு. நான் எடைப் பக்கத்தை மட்டும்தான் திருப்பினேன். வயித்தைப் பார்த்தேன், வாயைப் பார்க்கலை.

பெரிய பிள்ளைங்களுக்கு நல்லது நடந்துச்சு. 2021 அக்டோபரிலே ‘இல்லம் தேடிக் கல்வி’ வந்தது, ஒண்ணாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும். 2022 ஜூனிலே ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது, ஒண்ணு முதல் மூணாம் வகுப்பு வரைக்கும். வாழ்த்துறேன். ஆனா எண்ணுக்கும் எழுத்துக்கும் முன்னாலே பேச்சு ஒண்ணு இருக்கே! பள்ளிக்கூடத்திலே பெயர் இருந்த பிள்ளை பாடத்தை இழந்தப்போ, நாடே ‘இழப்பு’ன்னு சொல்லிச்சு. பெயரே எழுதாத பிள்ளை வார்த்தையை இழந்தப்போ, ‘தாய் வளர்த்தது சரியில்லை’ன்னு சொல்லிச்சு. காலையிலே ஏழு மணி வண்டிக்கு ஓடி, சாயந்திரம் கையெல்லாம் வெள்ளி மருந்தோட வந்து, சோறு பொங்குறவளைக் குற்றவாளின்னு சொல்ல எங்க அணிக்கு மனசு வரலை அய்யா. (நீண்ட கைதட்டல்)

சரி, என் பேரன் எப்போ பேசினான்? 2022 பங்குனி. ரெண்டு வயசும் நாலு மாசமும். நான் பால்வாடிக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். மூலையிலே சுவத்தோட ஒட்டி உட்கார்ந்திருந்தான். ஒரு வாரம் சத்தமே இல்லை. எட்டாம் நாள் ஒரு பொம்பளைப் பிள்ளை, எமகாதகி, இவன் கையிலிருந்த பிளாஸ்டிக் டம்ளரைப் பிடுங்கிட்டா! இவன் முகம் சிவந்துச்சு, உதடு துடிச்சது, கத்தினான் பாருங்க: “ஏய்! என்து!”

நான் கரண்டியைக் கீழே போட்டுட்டு அழுதேன் அய்யா. (கைதட்டல்) ரெண்டு வருஷம் செல்போன் ஆயிரம் பாட்டுப் பாடியும் வராத வார்த்தை, ஒரு டம்ளரைப் பிடுங்கினதும் வந்துச்சு. செல்போன் எதையும் பிடுங்காது. அது கோபிக்காது, அழாது, ‘நீ என்ன சொன்னே?’ன்னு திருப்பிக் கேட்காது. சண்டை போட ஆள் இருந்தாத்தான் அய்யா தமிழ் வரும்! (சிரிப்பு, கைதட்டல்) நடுவர் அய்யாவும் எதிரணியும் இதுக்குச் சாட்சி! (சிரிப்பு)

இப்போ அவன் ஒண்ணாவது படிக்கிறான். பேச்சை நிறுத்தச் சொல்லி டீச்சர் சொல்லி அனுப்புறாங்க. வீதி திறந்ததும் பேச்சு திறந்தது. அந்த அயர்லாந்து டாக்டர்களும், மனுஷங்க கூடினா பிள்ளைங்க தேறிடுவாங்க என்றுதான் நம்பிக்கை சொன்னாங்க. செல்போன் இன்னும் எங்க வீட்டிலே இருக்கு. வீதிதான் மாறினது. எது காரணம்னு நீங்களே தீர்ப்பு சொல்லுங்க. (மணி ஒலிக்கிறது)

அய்யா, ஒரே நிமிஷம். இது என் அணிக்காகச் சொல்றது இல்லை.

என் பால்வாடிக்கு ஒரு பொம்பளைப் பிள்ளை வந்துச்சு. மூணரை வயசு. பேச்சு இல்லை. ‘கொரோனா பிள்ளை, செல்லு பார்த்து வளர்ந்தது, தானா வரும்’னு வீட்டிலே சொன்னாங்க. நானும் தலையாட்டினேன். என் பேரனுக்கு வந்துச்சே! ஒரு நாள் பக்கத்து மண்டபத்திலே கல்யாணம். பத்தாயிரம் வாலா வெடிச்சாங்க. எல்லாப் பிள்ளைங்களும் காதைப் பொத்திக்கிட்டு என்மேலே வந்து விழுந்துச்சுங்க. அந்தப் பிள்ளை மட்டும் சிலேட்டிலே கோடு போட்டுக்கிட்டே இருந்துச்சு.

(அரங்கம் அமைதி)

அதுக்கு வீதியும் காரணம் இல்லை, செல்போனும் காரணம் இல்லை. அதுக்குக் காது கேட்கலை. ‘கொரோனா’ன்னு ஒரு வார்த்தையைச் சொல்லிச் சொல்லி நாங்க பல மாசத்தைத் தொலைச்சிருந்தோம். அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஆறு வயசுக்குள்ளே இருந்ததாலே முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலேயே காதுக்குள் கருவி வைக்கிற ஆபரேஷன் நடந்தது. இப்போ பயிற்சிக்குப் போகுது. போன வாரம் என்னைப் பார்த்து ‘டீச்ச’ன்னுச்சு. ‘ர்’ இன்னும் வரலை. எனக்கு அது போதும். (நீண்ட கைதட்டல்)

அதனால தாய்மார்களே, பட்டிமன்றத்திலே யார் ஜெயிச்சாலும் சரி, இதை மட்டும் வீட்டுக்குக் கொண்டு போங்க. ஒரு வயசுப் பிள்ளை பெயர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பணும், விரலை நீட்டிக் காட்டணும். ஒண்ணரை வயசுல சில வார்த்தையாவது வரணும். ரெண்டு வயசுல ‘அம்மா வா’, ‘பால் வேணும்’னு ரெண்டு வார்த்தையைச் சேர்க்கணும். வரலைன்னா, ‘அவங்க அப்பாவும் அஞ்சு வயசுலதான் பேசினார்’னு காத்திருக்காதீங்க. முதல்லே காதைச் சோதிச்சுப் பாருங்க. உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லியிருக்கு: ரெண்டு வயசுக்குள்ளே பிள்ளைக்குத் திரையே வேண்டாம், ரெண்டிலிருந்து நாலு வயசு வரைக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேலே வேண்டாம். எதிரணி சந்தோஷப்படட்டும், அதையும் நான் ஒத்துக்கிறேன்.

பிள்ளைகிட்டே ஒரு கேள்வி கேட்டா, பதில் வர்ற வரைக்கும் பொறுத்திருங்க. அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்த்தா, சும்மா போகாம ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க. காசு செலவில்லை.

ஒரு காலத்திலே சிவகாசிப் பிள்ளை என்றாலே தீப்பெட்டி அடுக்குற பிஞ்சு விரல்தான் நாட்டுக்கு ஞாபகம் வரும். 1986-ல் சட்டம் வந்தது, 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது, பள்ளிக்கூடம் வந்தது. அந்த விரல்களை நாம மீட்டது பெரும்பாடு. பக்கத்திலே விருதுநகரிலே பிறந்த காமராசர், பசியோட பிள்ளை படிக்காதுன்னு சோறு போட்டார். அந்தப் பிள்ளைங்க சோத்தைத் தின்னுட்டு வாயைத் திறந்து பேசணும்னா, எதிரே ஒரு மனுஷர் உட்கார்ந்திருக்கணும்.

நான் இங்கேருந்து வீட்டுக்குப் போறதுக்குள்ளே என் பேரன் தூங்கியிருப்பான். காலையிலே கிளம்பும்போது வாசல்லே நின்னு கையாட்டினான். ‘அம்மாச்சி, டாட்டா. சீக்கிரம் வா’ன்னான். நாலு வார்த்தை. அந்த நாலு வார்த்தையும் தெரு கொடுத்தது என்று சொல்லி, பூட்டிய வீதியே காரணம் என்று தீர்ப்பு வழங்க வேண்டுகிறேன்.

(பலத்த கைதட்டல்)